எக்ஸ்ப்ளோரர் கிட்டாருக்கு ஓர் ஒட்டுப்பலகைப் பெட்டி

திருகோணமலைக் கடைகளில் எக்ஸ்ப்ளோரர் வடிவ, அதாவது உடல் கோணலாக இரண்டு முனைகளாக நீளும், மின்கிட்டாருக்கு ஹார்ட் கேஸ் எனும் கெட்டியான பெட்டி கிடைக்காது. கொழும்பில் நான் விசாரித்த கடைகளிலும் இல்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு இருக்கிறது, லெஸ் போலுக்கு இருக்கிறது, பேஸ் கிட்டாருக்கும் அக்கூஸ்டிக்குக்கும் தாராளமாக இருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் என்றதும் பேஸ் கிட்டாருக்கான துணிப்பை ஒன்றை எடுத்து வைப்பார்கள். உடலின் இரண்டு முனைகளும் துணியை முட்டிக்கொண்டு நிற்கும். ஸிப் பாதியில் நின்றுவிடும்.

எனக்குத் துணிப்பை சரிவராது. மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வாசிப்பு இருக்கும். மற்ற மாதங்களில் திருமணங்கள், தேவாலய நிகழ்ச்சிகள் என்று மட்டக்களப்புவரை போக வேண்டும். பயணம் பெரும்பாலும் பஸ்ஸில்தான். மேலே இருக்கும் தட்டில் இந்தக் கிட்டார் அடங்காது. பின்னால் சாமான் அடுக்கும் இடத்தில் அரிசி மூட்டைக்கும் மோட்டார் சைக்கிள் டயருக்கும் நடுவில்தான் அதற்கு இடம். கொழும்புக்கு இரவு ரயிலில் போனாலும் நிலைமை அதிகம் மாறாது.

இந்த வடிவத்துக்கு இன்று 65 வயது தாண்டிவிட்டது. கிப்சன் நிறுவனம் ‘V’ எழுத்து வடிவிலான ஃப்ளையிங் வீயையும் எக்ஸ்ப்ளோரரையும் 1958இல் வெளியிட்டது. விற்பனை படுத்துவிட்டதால் அடுத்த ஆண்டே கைவிட்டது. எக்ஸ்ப்ளோரர் மறுபடி வந்தது 1976இல்தான். அதன்பிறகு பல நிறுவனங்கள் அதே வடிவில் மலிவான கிட்டார்களைச் செய்தன. என்னுடையதும் அப்படி ஒன்று. கழுத்தும் தலையும் ஒரே துண்டு மஹோகனி. தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கிப்சன் மரபில் இந்தச் சாய்வு 17 பாகைவரை போகும்.

எனது கவலை முழுவதும் அந்தச் சாய்வில்தான் இருந்தது. மரத்தின் நார் கழுத்தின் நீளவாக்கில் நேராக ஓடுகிறது. தலை சாயும் இடத்தில் அந்த நார்கள் குறுக்காக வெட்டுப்பட்டு, குட்டை குட்டையாக முடிந்துவிடுகின்றன. அதே இடத்தில், தந்திகள் தலைக்குள் நுழையுமுன் தங்கும் சிறு கட்டையான நட்டுக்குப் பின்னால், கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை முறுக்குவதற்காகப் பள்ளம் தோண்டி, மீதி மரத்தையும் குறைத்துவிடுகிறார்கள். மேலே 10–46 அளவுத் தந்திகள் ஏறத்தாழ 44 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன. எக்ஸ்ப்ளோரரின் தலையில் தந்தி முறுக்கும் ஆறு டியூனர்களும் ஒரே வரிசையில் நிற்பதால் எடை நுனிவரை நீள்கிறது. நின்றுகொண்டிருக்கும் கிட்டார் மல்லாக்க விழுந்தால், தலை எதன்மீதும் மோதாமலே முறியக்கூடும். உடல் தரையில் பட்டுச் சட்டென நிற்கிறது. தலையோ அதே வேகத்தில் தொடர்ந்து போகப் பார்க்கிறது. அந்த உந்தல் முழுவதையும் குட்டை நார்கள் தாங்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வடிவத்துக்கான பெட்டிகள் 100 டொலருக்கு மேல் விற்கின்றன. டொலர் 300 ரூபா அளவில் நிற்கும் காலத்தில் அதுவே கணிசமான தொகை. ஆனால் பெட்டியின் விலை இங்கே சின்னச் சங்கதி. கூரியர் நிறுவனங்கள் தராசில் காட்டும் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பார்கள். வருகிற எண் தராசு எடையைவிடக் கூடினால் அதையே எடையாகக் கொள்வார்கள். 122, 53, 16 என்று வைத்தால் ஏறத்தாழ 21 கிலோ. வெறும் காற்றை அடைத்துக்கொண்டு வரும் பெட்டிக்கு 21 கிலோவுக்கான விமானக் கட்டணம். அதற்கு மேல் சுங்க வரி. அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

உள்ளூரில் கிடைக்கும் வேறு பெட்டிகளை அளவுநாடாவோடு போய்ப் பார்த்தேன். என் கிட்டார் நுனியிலிருந்து நுனிவரை 114 செ.மீ., அகலமான இடத்தில் 47 செ.மீ. பேஸ் கிட்டார்ப் பெட்டிக்கு நீளம் இருக்கிறது, அகலம் இல்லை. 61 கட்டை கீபோர்ட்டுக்கான பெட்டியில் நீளம் போதாது. 76 கட்டைப் பெட்டி நீளத்தில் பொருந்துகிறது. அகலத்தில் ஐந்தாறு சென்ரிமீற்றர் குறைகிறது. உடல் சிறியதாக உள்ள, அகலம் 38 செ.மீ.க்குள் அடங்கும் விசித்திர வடிவக் கிட்டார் வைத்திருப்பவர்கள் முதலில் இந்த 76 கட்டைப் பெட்டியைத்தான் தேட வேண்டும். பழையது கிடைத்தால் உள்ளே மெத்தை வைப்பது மட்டுமே வேலை.

கீபோர்ட் பெட்டிக்குள் கிட்டாரைக் கற்பனை செய்து பார்த்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. கிட்டாரின் வடிவத்தில் பெட்டி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்காவில் இத்தகைய கிட்டார்களுக்கென்றே சவப்பெட்டி வடிவில் பெட்டி செய்து விற்ற நிறுவனமும் உண்டு. உள்ளே கிட்டார் எங்கெங்கே தாங்கப்படுகிறது, எங்கெங்கே எதுவும் அதைத் தொடாமல் இருக்கிறது என்பதுதான் பெட்டியின் தரம். வெளிச்சுவர் நேராகப் போனாலும் வளைந்து போனாலும் ஒன்றுதான். நேராகப் போனால் நமது ஊர்த் தச்சரே செய்துவிடலாம்.

ஹாட்வெயாரில் ஒட்டுப்பலகை எட்டுக்கு நாலு அடித் தாளாக வருகிறது. நாலு அடி என்பது 122 செ.மீ. எனக்கு வேண்டிய வெளி நீளமும் அதுதான். எனவே 6 மி.மீ. தாள் ஒன்றை வாங்கி, அதன் அகலத்தையே பெட்டியின் நீளமாக வைத்து, 54 செ.மீ. வீதம் இரண்டு துண்டுகள் எடுத்தோம்; அடிப்பலகை ஒன்று, மூடி ஒன்று. மிஞ்சிய பகுதியிலிருந்து 14.5 செ.மீ. அகலத்தில் பட்டைகள் வெட்டினால் பக்கச் சுவர்கள் முழுவதும் வந்துவிடுகின்றன. ஒரே தாளில் வேலை முடிகிறது. வாங்கும்போது தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டிய பலகையைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட. ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை வாடை மழையில் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவனுக்கு அந்தக் கூடுதல் காசு பெரிதில்லை.

உடல் இருக்கும் பக்கம் 60 செ.மீ. தூரத்துக்கு முழு அகலம். அதன்பிறகு இரண்டு பக்கமும் சரிந்து, தலைப்பக்கத்தில் 26 செ.மீ. ஆகக் குறுகும். எக்ஸ்ப்ளோரரில் ஒரு முனை பின்னோக்கியும் மற்றொன்று கழுத்துப் பக்கமாக முன்னோக்கியும் நீள்கின்றன. சரிவை எங்கே தொடங்குவது என்பதை அந்த முன் முனைதான் தீர்மானிக்கிறது. கிட்டாரைப் பழைய குளிர்சாதனப் பெட்டியின் கடதாசி மட்டையில் கிடத்திப் பென்சிலால் சுற்றி வரைந்து, எல்லாப் பக்கமும் 3 செ.மீ. இடைவெளி விட்டு நேர்கோடுகள் போட்டேன். தச்சரிடம் கிட்டாரைக் கொண்டுபோகவில்லை, மட்டையைத்தான் கொண்டுபோனேன். மரத்தூளும் உளியும் கிடக்கும் பட்டறைக்குள் கிட்டாருக்கு வேலை இல்லை.

“மூடியைத் தனியாகச் செய்ய வேண்டாம் தம்பி, முழுப் பெட்டியாக ஒட்டிவிட்டுப் பிறகு அறுப்போம்” என்றார் தச்சர். அருமையான யோசனை. ஆறு பக்கமும் மூடிய பெட்டியாக, உள்மூலைகளில் 20 மி.மீ. சதுரக் கட்டைகள் வைத்து, வெள்ளைப் பசையும் சிறு ஆணியும் போட்டு இறுக்கினோம். ஒரு நாள் காய்ந்தபின், அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் கோடு போட்டு, மின்வாளின் ஆழத்தை 7 மி.மீ. ஆக வைத்து அறுத்தார். நிமிர்ந்து நிற்கும் மூலைக் கட்டைகளைக் கைவாளால் முடித்தார். மூடியும் அடியும் ஒரே பெட்டியிலிருந்து பிரிந்தவை என்பதால் விளிம்போடு விளிம்பு பொருந்துகிறது. தனித்தனியே செய்திருந்தால் சரிந்துபோகும் அந்த இரண்டு பக்கங்களையும் ஒன்றுக்கொன்று இணங்க வைக்க மிகவும் பாடுபட்டிருப்போம்.

பத்து சென்ரிமீற்றர் என்ற அளவு உள்ளே இருந்து வந்தது. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

இந்தக் கிட்டாரை மேசையில் மல்லாக்கக் கிடத்தினால் உடலின் முதுகு முழுவதும் மேசையில் படியாது. தலை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாலும், கழுத்தும் உடலோடு சற்றுச் சாய்வாகவே சேர்ந்திருப்பதாலும், தலையின் நுனி முதலில் மேசையைத் தொடுகிறது. பெட்டிக்குள்ளும் இதே நிலைதான். அடியில் மெல்லிய மெத்தை போட்டுக் கிட்டாரை வைத்தால் அதன் எடை தலை நுனியில் இறங்கும். பஸ் குழியில் விழும்போதெல்லாம் அந்த நுனி அடிவாங்கும். ஆகவே உடலின் கீழே 5 செ.மீ. மெத்தை. உடலின் தடிப்பு 4.4. இரண்டும் சேர்ந்து 9.4. உடல் முழுவதும் கீழ்ப்பெட்டிக்குள் அடங்க வேண்டும்; மூடியைத் திறந்தவுடன் கிட்டார் வழுக்கி வரக்கூடாது. அதனால்தான் 10.

மெத்தைக்குக் கதிரைப் பஞ்சு வேண்டாம். அது அமுங்கிக்கொண்டே போகும், ஈரத்தையும் குடிக்கும். தொலைக்காட்சி, சலவை இயந்திரம் போன்றவற்றோடு வரும் வெள்ளை நிற வளையும் நுரைப்பலகை, அதாவது பொலித்தீன் நுரை, இதற்கு ஏற்றது. விரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டால் திரும்பி வரும். தண்ணீர் உறிஞ்சாது. மணிமணியாக உதிரும் ரெஜிபோம் வேறு ஜாதி. ஒரு முறை நசுங்கினால் நசுங்கியதுதான். மின்சாதனக் கடைகளில் பொலித்தீன் நுரையைக் குப்பையாகக் கொட்டுகிறார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நீண்ட அலகுள்ள கட்டரை ஒரே திசையில் இழுத்து வெட்டி, செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் மஞ்சள் பசையால் அடுக்கடுக்காக ஒட்டினேன்.

கழுத்தைத் தாங்க ஒரு கட்டை வேண்டும். அதை நட்டுக்குக் கீழே வைக்கக்கூடாது, தலைக்குக் கீழே வைக்கவே கூடாது. மூன்றாம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அளவில், 5 செ.மீ. அகலத்தில், கழுத்தின் முதுகு வளைவுக்கு ஏற்பக் குழிவாக வெட்டி வைத்தேன். இதற்கு உடலின் கீழே போட்ட அதே நுரையையே பாவிக்க வேண்டும். கழுத்தின் கீழே மரக்கட்டையும் உடலின் கீழே மெத்தையும் வைத்தால், பெட்டி விழும்போது உடல் அமுங்கும், கழுத்து அமுங்காது. மொத்த எடையும் கழுத்தை வளைக்கும். இரண்டு இடமும் ஒன்றாக அமுங்க வேண்டும். நான் கழுத்துக் கட்டையை இரண்டு மி.மீ. தாழ்த்தியே வைத்தேன். சும்மா கிடக்கும்போது உடல்தான் எடையைச் சுமக்கிறது. அடி விழும்போது மட்டும் கழுத்துக்குத் துணை கிடைக்கிறது.

தலையைச் சுற்றி எதுவுமே இல்லை. கீழும் மேலும் பக்கங்களிலும் வெறும் இடம். இப்படி விடுவது மனதுக்கு ஒப்பாது, ஒரு துண்டு பஞ்சாவது வைக்கலாமே என்று கை துடிக்கும். வைக்க வேண்டாம்.

மூடி சாத்தியபின் உள்ளே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாதே? ரொட்டிக்குக் குழைத்த கோதுமை மாவில் சில உருண்டைகள் பிடித்து, பொலித்தீன் பையில் சுற்றி, தலையின் நுனியிலும் டியூனர்களின் மேலும் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேலும் சுவிட்சின் மேலும் வைத்து மூடியைச் சாத்தித் திறந்தேன். நசுங்கிய உருண்டையின் தடிப்புத்தான் அந்த இடத்தின் இடைவெளி. தலையில் உருண்டை நசுங்காமல் அப்படியே இருந்தது. பிரிட்ஜின் மேல் 22 மி.மீ. சுவிட்சின் மேல் 18. எனவே மூடியின் உட்புறத்தில் பிரிட்ஜ், தந்தி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், சுவிட்ச், திருகுகள் இருக்கும் பகுதியை வெறுமையாக விட்டு, உடலின் இரண்டு முனைகள் மீது மட்டும் அழுத்துமாறு நுரைத் துண்டுகளை ஒட்டினேன். அதே மாப்பரிசோதனையில் அந்த இடங்களில் உருண்டை தாளாகத் தட்டையானது. அப்படித்தான் இருக்க வேண்டும். பிரிட்ஜை மூடி அழுத்தினால் ஒவ்வொரு குலுக்கலும் இரண்டு உலோகத் தூண்கள் வழியாக மரத்துக்குள் இறங்கும்.

இன்னொரு நுணுக்கம் வால்பக்கத்தில் இருக்கிறது. தோள்பட்டிக்கான பொத்தான் அங்கே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டியை நட்டுக்குத்தாகக் கீழே வைக்கும்போது கிட்டாரின் முழு எடையும் அந்த ஒற்றைத் திருகாணியில் நிற்கும். வால்பக்க நுரையில் பொத்தானுக்கு நேரே ஒரு துளை வெட்டிவிட்டால் எடை விளிம்பு முழுவதும் பரவிவிடுகிறது. விலை கொடுத்து வாங்கும் பெட்டிகள் சிலவற்றில்கூட நான் இதைக் கண்டதில்லை.

நுரையின்மேல் பருத்தி வெல்வெட் துணி ஒட்டினேன். என் கிட்டாரின் பூச்சு பொலியூரத்தேன், லேசில் அசையாது. நைட்ரோசெலுலோஸ் பூச்சுள்ள பழைய கிட்டார் என்றால் றெக்சின், இறப்பர், சிலவகை நுரைகள் நேரடியாகப் படக்கூடாது. பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். துணி இருந்தால் இரு சாராருக்கும் நிம்மதி.

பெட்டியின் வெளிப்புறத்தை நமது கடற்கரை கவனித்துக்கொண்டது. திருக்கடலூரில் பைபர் கிளாஸ் வள்ளங்களைத் திருத்தும் அண்ணன் ஒருவரிடம் மூலைகளுக்கு ஏதாவது பூச முடியுமா என்று கேட்டேன். கண்ணாடி நார்ப்பாயை மூன்று விரல் அகலப் பட்டிகளாகக் கிழித்து, எல்லா விளிம்புகளிலும் மூலைகளிலும் றெசின் பூசி ஒட்டித் தந்தார். மூலைகளில் இரண்டு மடிப்பு. அலையில் பாறையில் மோதும் வள்ளத்துக்குப் போதுமானது என் பெட்டிக்குப் போதாதா! ரெஜிபோமை ஏன் உள்ளே வைக்கக்கூடாது என்பதையும் அவரே காட்டினார். கீழே கிடந்த ரெஜிபோம் துண்டொன்றில் றெசினில் நான்கு சொட்டு விட்டார். சொட்டு விழுந்த இடம் சுருங்கி, குழிந்து, சற்று நேரத்தில் மறுபக்கம் தெரிந்தது. றெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடுகிறது. அந்த ஆவி பிளாஸ்டிக்குக்கும் சிலவகைப் பூச்சுகளுக்கும் நல்லதல்ல. நாற்றம் முற்றாகப் போகும்வரை கிட்டாரை உள்ளே வைக்கவே கூடாது. கச்சான் காற்று வீசும் காலத்தில் இந்த வேலையைச் செய்தது வசதியாயிற்று. திறந்த பெட்டியை ஒரு வாரத்துக்கு மேல் முற்றத்து வெயிலில் விட்டேன். நுரையும் துணியும் அதற்குப் பிறகுதான் உள்ளே போயின. இந்த ஒழுங்கு முக்கியம்.

கொண்டிகளுக்கு ஒலி, ஒளி அமைப்பு வாடகைக்கு விடுபவர்களை நாடினேன். கோயில் திருவிழாக்களுக்கு அவர்கள் கொண்டுபோகும் அம்ப்ளிஃபயர் பெட்டிகள் எவ்வளவு அடிபடுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். உடைந்த பெட்டிகளிலிருந்து கழற்றி வைத்த இழுவைக் கொண்டிகள் நான்கும் உலோகக் கைப்பிடி ஒன்றும் கிடைத்தன. பிணைச்சல்களுக்கும் திருகாணிகளுக்கும் துருப்பிடிக்காத உருக்கையே தேடி வாங்கினேன். துத்தநாகம் பூசியவற்றை இந்த ஊர் உப்புக்காற்று ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும். வள்ளச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

கைப்பிடி பெட்டியின் நடுவில் வராது. கிட்டாரை உள்ளே வைத்துப் பூட்டி, பக்கவாட்டாக நிறுத்தி, தும்புத்தடியின் குறுக்கே வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்தேன். அது உடல் பக்கமாகத் தள்ளி இருந்தது. அந்தப் புள்ளியிலிருந்தும் ஒரு விரற்கடை தலைப்பக்கமாக நகர்த்திக் கைப்பிடியைப் பூட்டினேன். தூக்கும்போது வால் சற்றுத் தாழ்ந்து, தலை உயர்ந்து நிற்கிறது. படி ஏறும்போது தலை இடிபடுவதில்லை. கைப்பிடிக்குத் திருகாணி போதாது. உள்ளே ஒரு பலகைத் துண்டு வைத்து, போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்க வேண்டும். போல்ட்டின் முனைமேல் நுரை.

பூச்சு வெளிர் சாம்பல் நிறம். இசைக்காரர்கள் எல்லோரும் கறுப்பைத்தான் விரும்புகிறார்கள், ஆனால் நமது வெயிலில் கறுப்புப் பெட்டி அடுப்பாகிவிடும். வள்ளத்துக்குப் பூசும் எனாமலே இரண்டு கோட் பூசினேன்.

ஒட்டுப்பலகை மட்டும் ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் பூட்டியபின் வெறும் பெட்டி எட்டு கிலோ. கிட்டாரோடு பன்னிரண்டைத் தொடுகிறது. தோளில் மாட்டி நடக்க ஏற்றதல்ல. முச்சக்கரவண்டியின் பின் இருக்கைக்குக் குறுக்கே வைத்தால் இரு பக்கமும் ஆள் உட்கார முடியாது. இதை ஒப்புக்கொண்டுதான் செய்ய வேண்டும். 4 மி.மீ. பலகையில் செய்தால் ஒன்றரை, இரண்டு கிலோ குறையும். பஸ்ஸின் பின்பகுதியில் அதன்மேல் மூட்டை ஏற்றுவார்கள் என்பதால் நான் 6ஐ விடவில்லை. தச்சர் கூலி, றெசின் வேலை உட்படச் செலவு 30,000 ரூபாவைத் தொடவில்லை.

வீ வடிவக் கிட்டாருக்குச் செய்பவர்கள் இதே முறையில் இரண்டு இடங்களை மட்டும் மாற்றினால் போதும். முதலாவது, முன் முனை இல்லாததால் வாலிலிருந்தே சரிவைத் தொடங்கலாம். பெட்டி ஒடுங்கும், எடையும் குறையும். இரண்டாவது, பெட்டியை நிமிர்த்தி வைத்தால் இரண்டு சிறகு நுனிகளும்தான் முதலில் அடிவாங்கும். அந்த நுனிகளுக்குப் பின்னால் 2 செ.மீ. வெற்றிடம் விட்டு, சிறகுகளுக்கு நடுவே உள்ள கவட்டில் முக்கோணமாக ஒரு நுரைக்கட்டையை அடிப்பலகையோடு சேர்த்து ஒட்டுங்கள். கிட்டார் அந்தக் கட்டையில் உட்கார வேண்டும். பொத்தான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். துளையை அங்கே வெட்டிவிட்டு, மா உருண்டையை இரண்டு நுனிகளிலும் வைத்துப் பாருங்கள்.